எஸ்டேட் கேட்டு மறியல் செய்தவன்

1

இந்தத் தோட்டத்தில் கொஞ்ச நாள் என்னைப் பற்றி ஒரு கதை உலவியது. நான் இந்தியாவில் ஏதோ ஒரு எஸ்டேட்டைப் பிடிக்கப் போராடி, போலீசில் மாட்டி, வழக்கு வாங்கிக்கொண்டு விமானம் ஏறித் தப்பி வந்தவனாம். அந்தக் கதை ஓடிய நாள்களில் எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. மாரிமுத்து மண்டோர் வீட்டிலிருந்து கெளுத்தி மீன் குழம்பு வந்தது; மேஸ்திரியை இங்கே மண்டோர் என்பார்கள். பேர்கூடத் தெரியாத ஓர் அம்மா மரவள்ளிக் கிழங்கை அவித்து, ஆலை வாசல் காவலரிடம் கொடுத்து, "அந்த இந்தியாத் தம்பிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

காரைக்காலில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நம்மிடம் எஸ்டேட் ஏது? வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, கிழக்கே போனால் கடல் உண்டு. நாம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது ஸ்டேட். அதை இங்கே எஸ்டேட் என்று காதில் வாங்கிவிட்டார்கள். அதனால் குழம்பும் கிடைத்தது, என் வேலை பெர்மிட்டுக்கும் ஆபத்து வந்தது.

போன வாரம் ஊரிலிருந்து, எங்கள் தெருவில் இருக்கும் செல்வம் அண்ணன் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். புதுச்சேரி சட்டமன்றத்தில் மாநில அந்தஸ்து கேட்டு மறுபடியும் பேசியிருக்கிறார்களாம். "இந்த வாட்டி கெடைச்சிரும் போலருக்கு" என்று எழுதியிருந்தார். நான் அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த காலத்திலும் இதே வாக்கியத்தை இதே அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படித்ததும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே இந்தக் கதையை எழுத வேண்டும் என்றும் தோன்றியது.

நான் இருப்பது மலேசியாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில், லிங்கிக்குப் போகிற பாதையில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில். முன்பு இது முழுக்க ரப்பர். இங்குள்ளவர்கள் பால் மரம் என்பார்கள். இப்போது கண்ணுக்கு எட்டின வரைக்கும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். தோட்டத்துக்கு நடுவில் ஆலை இருக்கிறது. லாரிகளில் வரும் குலைகளை ஆவியில் வேகவைத்து எண்ணெய் எடுக்கிற இடம். அந்த ஆவியை உண்டாக்கும் கொதிகலனைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் போனதும் தண்ணீர் அளவைப் பார்ப்பேன், வால்வுகளைப் பார்ப்பேன், ஆவி கசிகிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவேன். எதிரே வருகிற யாராக இருந்தாலும் "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்பார்கள். வந்த புதிதில், இவர்களுக்கு என்னைப் பார்த்தால் பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி தெரிகிறதோ என்று நினைத்து வெட்கப்பட்டேன். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு என்று பிறகுதான் புரிந்தது. இப்போது நானும் எல்லாரையும் கேட்கிறேன்.

2

இங்கே யாரிடமும் என் ஊரைச் சொல்லி முடிப்பது லேசான காரியம் இல்லை. "தமிழ்நாடா?" என்பார்கள். இல்லை, காரைக்கால் என்பேன். "அது தமிழ்நாட்டுல இல்லையா?" சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள் என்பேன். "அப்ப எந்த மாநிலம்?" மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம், தலைநகர் பாண்டிச்சேரி, அங்கே போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பேன். இதற்குள் கேட்டவர் டீயைக் குடித்து முடித்திருப்பார்.

எங்கள் அப்பாவுக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்பட்டதில்லை. அவர் தண்ணீர்த் தொட்டியில் தினக்கூலி. காலையில் நாலு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, மூடிவிட்டு வருவார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அவர் தினக்கூலிதான். வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் போயிருக்கிறது என்று எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து சொல்கிறார்கள். "அது இங்க ஏறி, பாண்டியில எறங்கி, டெல்லிக்கு வண்டி புடிக்கணும்டா. வழியில எங்கயோ டீ குடிக்க எறங்கிருச்சு" என்பார் அப்பா. ஸ்டேட் கிடைத்துவிட்டால் டெல்லி வண்டி பிடிக்க வேண்டாம், பாண்டியோடு முடிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அதனால் மாநில அந்தஸ்து கேட்டு யார் கூப்பிட்டாலும் போவார். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டார்.

நான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாநிலம் இல்லை, அதிகாரம் இல்லை என்று நாம் குறைபட்டுக்கொள்கிற அந்தச் சின்ன ஊர்தான் எனக்கு மதியச் சோறு போட்டது. மாணவர்களுக்கான ஒரு ரூபாய் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. காரைக்கால் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் எனக்கு டிப்ளமோ படிக்க சீட் கிடைத்தது. பெரிய மாநிலத்தில் பிறந்திருந்தால் எனக்கு அந்த வரிசையில் நிற்க இடம் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. இதை ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். "சோறு போட்டாங்கன்னா, வாய மூடிக்கிட்டு திங்கணுமா?" என்று கேட்டார்.

மலேசியாவுக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு மாநில அந்தஸ்து கேட்டு ஒரு பந்த் நடந்தது. பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டது. விசாவுக்காகக் காத்திருந்தேன். அப்பா கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஊரைவிட்டுப் போகப் போகிறோமே, ஒரு நாள் அவரோடு போய் உட்காரலாம் என்று நானும் போனேன். பஸ் நிலையத்துக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். முதல் நாள் அங்கே கல்யாணம் நடந்திருக்கிறது. மேடையில் மணமக்கள் பேர் தெர்மாகோலில் அப்படியே இருந்தது. "மொய் வாங்குறது யாருப்பா?" என்று செல்வம் அண்ணன் கேட்க, காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சிரித்துவிட்டார். சாம்பார் சாதம் கொடுத்தார்கள். பேர் எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் விட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

3

இங்கே வந்து வேலை பழகி, இந்த வருஷம் என்னை உதவி மேற்பார்வையாளராக உயர்த்த ஆலையில் முடிவு செய்தார்கள். பதவி மாறினால் பெர்மிட்டும் மாற வேண்டும். அதற்கு ஊரிலிருந்து போலீஸ் சான்று வேண்டும். விண்ணப்பித்தேன். சான்று வரவில்லை. என் பேரில் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

தோட்ட ஆபிசில் இந்த வேலைகளையெல்லாம் பார்ப்பவர் ராஜி அக்கா. இங்கே ஆபிஸ் எழுத்தரைக் கிராணி என்பார்கள். அவர் அம்மா பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர், அந்தக் குடும்பத்திலிருந்து கிராணி நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். அதனாலேயே என்மேல் அவருக்கு ஒரு தனிப் பரிவு. அவருடைய மகனும் மகளும் சிரம்பான் பட்டணத்தில் படித்து, இப்போது வீட்டுக்கு வந்தாலும் அவர்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். அம்மாவிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து ஏதோ சொல்வார்கள், அக்கா தமிழில் பதில் சொல்வார். "நான் பேசுறது அவங்களுக்கு வெளங்குது, அவங்க பேசுறது எனக்கு வெளங்குது. ஆனா ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசலேன்னு இருக்குல்ல, அது ஒரு மாதிரிதான் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, நான் போனால் ஏதாவது பேசவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பதில் வந்த அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்தார். நான் கொதிகலன் பக்கத்தில் இருந்தேன். குலை வேகவைக்கிற உருளையைத் திறந்து ஆவியை வெளியேற்றுகிற நேரம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது.

"தம்பி, என்னா கேஸ் இது? அடிதடியா?"

"இல்லக்கா. ஸ்டேட் கேட்டு மறியல்."

"எஸ்டேட்டா?"

"ஆமாக்கா, ஸ்டேட்டு."

காரைக்காலில் நம் வாயில் அது எப்போதும் 'இஸ்டேட்டு' தானே? 'மாநிலம்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. வந்த புதிதில் டீக்கடையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. அக்கா அதை நம்பி மேனேஜரிடம் போய், பையன் அங்கே எஸ்டேட் கேட்டு மறியல் செய்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார். தோட்டத்தில் ஒருவர் காதில் விழுந்தால் எல்லார் காதிலும் விழுந்த மாதிரி.

மேனேஜர் ஹாலிமுக்கு அது நல்ல சேதியாக இருக்கவில்லை. தலைமை ஆபிசில் கேட்டால் என்ன சொல்வது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். பெர்மிட் முடியப் போகிறது. இந்த ஆளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்கிற பேச்சும் வந்திருக்கிறது. ஆனால் மாரிமுத்து மண்டோருக்கோ என்மேல் திடீரென்று பெரிய மரியாதை. வயதில் என் அப்பாவைவிடப் பெரியவர், குலை வெட்டுகிறவர்களுக்கு மேற்பார்வையாளர். அதுவரை "டேய் தம்பி" என்றவர் "வாங்க தம்பி" என்றார். ஒரு மாலை தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்டார். பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, பிறந்து வளர்ந்த வீட்டையாவது எங்களுக்குக் கொடுங்கள் என்று தோட்ட வாசலிலே நின்ற கூட்டத்தில் அவரும் ஒருவராம். பாதிப் பேருக்கு வீடு கிடைத்தது, பாதிப் பேர் பட்டணத்துக்குப் போனார்கள். இதைச் சொல்லிவிட்டு, "நாங்க வீடுதான் கேட்டோம் தம்பி. நீங்க தோட்டத்தையே கேட்டிருக்கீங்க. அந்த யோசன எங்களுக்கு வரலியே லா" என்றார். லா என்பது இங்கே எல்லாப் பேச்சுக்கும் பின்னால் ஒட்டிவரும் வால்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சோற்றில் கை வைத்தபடியே, அய்யா அது எஸ்டேட் இல்லை, மாநிலம் என்று விளக்கினேன். எங்கள் பிரதேசத்துக்கு மாநில அந்தஸ்து கேட்டோம் என்றேன். மண்டோர் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அட போடா. நான் என்னமோ நெனச்சேன். எஸ்டேட்டாச்சும் வெட்டித் திங்கலாம். ஸ்டேட்ட வச்சி என்னா பண்ணுவ?"

மண்டோர் வீட்டம்மா உள்ளேயிருந்து, "புள்ள சாப்புடட்டும், அப்பறம் ஏசுங்க" என்றார். மரியாதை அன்றோடு போனது. மீன் குழம்பு நிற்கவில்லை.

4

ராஜி அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, நெகிரியா! நான் தோட்டம்னு சொல்லிட்டேனே" என்றார். மாநிலத்துக்கு மலாயில் நெகிரி. நாம் நகரி என்று ஊருக்குச் சொல்கிற அதே சொல்தான் கடல் தாண்டி வந்திருக்கிறது என்கிறார்கள். மேனேஜரிடம் சரியாகச் சொல்லிவிடலாம், ஆனால் சொன்னால் மட்டும் போதாது, அந்த வழக்கு முடிய வேண்டும் என்றார் அக்கா.

செல்வம் அண்ணனிடம் விசாரிக்கச் சொன்னேன். மறியல் வழக்குகளை வாபஸ் வாங்க எப்போதோ முடிவாகிவிட்டதாம். ஃபைல் மேலே போயிருக்கிறதாம். மாநிலம் கேட்டதற்கான வழக்கை முடிக்கவும் மாநிலம் வர வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அண்ணன் ஒரு குறுக்கு வழியும் விசாரித்து வைத்திருந்தார். நான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் என் பேரை மட்டும் எடுத்துவிட வாய்ப்பிருக்கிறதாம். "நான் அன்றைக்குப் பஸ்ஸுக்குத்தான் நின்றேன். கூட்டத்தில் இருந்தவர்கள் என்னை வற்புறுத்தி உட்காரவைத்தார்கள்." அவ்வளவு எழுதினால் போதும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பா. வழக்கில் என் பேருக்கு மேலே இருப்பது அவர் பேர். வற்புறுத்தினவர் யார் என்று நாளைக்குக் கேட்டால் நான் யாரைக் காட்டுவேன்?

அப்பாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. எழுதிக் கொடுத்துவிடு என்றார். "நான் உள்ளூருக்காரன். கோர்ட்டுக்கு நடந்து போயிட்டு, வர்ற வழியில காய் வாங்கிட்டு வந்துருவேன். நீ அங்க நில்லுடா." நான் முடியாது என்றேன். எழுதினால் அவர் என்னை இழுத்துவந்த ஆள் ஆகிவிடுவார், நானாகத்தான் வந்தேன் என்றேன். "படிச்ச திமிரு" என்று சொல்லிப் போனை வைத்தார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் அம்மாதான் எடுத்தார். அப்பா தண்ணி திறக்கப் போயிருக்கிறார் என்றார், சாயங்காலத்திலும்.

ராஜி அக்காவும் எழுதிக்கொடு என்றுதான் சொன்னார். பேப்பர்தானே லா, அப்பாவே சொல்லும்போது உனக்கென்ன என்றார். நான் அசையாததைப் பார்த்து, "சரி, அப்ப நீயே வந்து துவான்கிட்ட சொல்லு. என் மலாய நம்பாத" என்று மேனேஜர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். துவான் என்பது இங்கே அய்யா மாதிரி.

ஹாலிம் இதே மாநிலத்தில் உள்ள ரெம்பாவ் ஊர்க்காரர். சிரித்துப் பேசுகிறவர் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். தோட்டம் கேட்கவில்லை துவான், நெகிரி கேட்டோம் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நெகிரியா? இங்கே ஏற்கனவே ஒன்பது இருக்கிறது. பத்தாவது வேண்டுமா?"

செம்பிலான் என்றால் ஒன்பது. பழைய காலத்தில் ஒன்பது சின்ன நெகிரிகள் சேர்ந்ததால் இந்த மாநிலத்துக்கு அந்தப் பேர். அக்கா சிரித்த பிறகுதான் அது வேடிக்கை என்று எனக்குத் தெரிந்தது. ஹாலிமும் லேசாகச் சிரித்தார். எங்கள் ரெம்பாவும் ஒரு காலத்தில் தனி நெகிரிதான், இப்போது மாவட்டம் என்றார். பிறகு அந்த வாக்குமூலத்தைப் பற்றி அக்கா எடுத்துச் சொன்னார், கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்ற குரலில். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"அன்றைக்கு நீ பஸ்ஸுக்கு நின்றாயா?"

"இல்லை துவான்."

"பின்னே அங்கே என்ன செய்தாய்?"

"அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்."

அவர் பேனாவை மறுபடியும் கையில் எடுத்தார். "அதை நீ எழுது. உன் வேலையைப் பற்றி நான் எழுதி, இரண்டையும் தலைமை ஆபிசுக்கு அனுப்புகிறேன்" என்றார். எழுந்து போகும்போது அக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அது பாராட்டா, கோபமா என்று இன்னும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. புதிய பதவி கிடையாது. வழக்கு முடிந்த பிறகு பார்க்கலாம். பழைய வேலைக்கே பெர்மிட் இன்னொரு வருஷம். உதவி மேற்பார்வையாளர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார், நல்ல மனிதர்தான். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஊரில் தங்கைக்குப் படிப்புச் செலவு இருக்கிறது, வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டும். ஆனாலும் அன்றைக்கு ஆலைக்குத் திரும்பி நடக்கையில் மனசு லேசாகத்தான் இருந்தது. மொழி தெரியாமல் உளறினவனை உட்காரவைத்துக் கேட்ட ஒரு மனிதர். ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு என்னை வீரன் என்று நம்பி, அது இல்லை என்று தெரிந்த பிறகும் குழம்பு அனுப்புகிற ஒரு குடும்பம். தன் பிள்ளைகள் திருப்பிப் பேசாத தமிழையெல்லாம் என்னிடம் பேசுகிற ஓர் அக்கா. நான் பிறந்த மண்ணுக்கு எப்படிக் கடன்பட்டிருக்கிறேனோ, அப்படியே இந்தச் செம்மண்ணுக்கும் பட்டிருக்கிறேன். இதை எந்த மனுவிலும் எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே கூப்பிட்டார். அம்மா சொல்லியிருக்க வேண்டும். பதவி போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று சுற்றிவளைத்தார். பிறகு கேட்டார், உனக்கு எழுதிக்கொடுத்த அந்தத் துரை எந்த ஊர் என்று. ரெம்பாவ் என்று சொல்லி, அது முன்பு தனி மாநிலமாக இருந்து இப்போது மாவட்டமாகிவிட்ட கதையையும் சொன்னேன்.

"அப்ப அவங்களும் ஸ்டேட் கேக்குறாங்களா?"

"இல்லப்பா. அப்படியெல்லாம் யாரும் கேக்கல."

"இருந்தது போயிருக்கு, ஆனா கேக்கல. ஏன்னு விசாரிச்சு சொல்லு" என்றார். அவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற சந்தேகம் என்று குரலிலேயே தெரிந்தது.

திங்கட்கிழமை நான் மேனேஜரைக் கொதிகலன் பக்கத்தில் பார்த்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். யோசித்துவிட்டுச் சொன்னார். ரெம்பாவுக்கு இன்றைக்கும் உண்டாங் என்று ஒரு தலைவர் இருக்கிறார். இந்த மாநிலத்துக்கு அரசர் வேண்டுமென்றால் ரெம்பாவ் உண்டாங்கும் மற்ற ஊர் உண்டாங்குகளும் கூடித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவர் யார் என்பதைச் சின்ன ஊர்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். "எங்களைக் கேட்கிறார்கள். பிறகு நாங்கள் எதைக் கேட்பது?" என்றார்.

மறுநாள் காலையில் அப்பாவைக் கூப்பிட்டு வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். பின்னால் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா வால்வை மூடினார் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"அதத்தாண்டா நாங்களும் கேக்குறோம்" என்றார்.